மரகதத்தில் தெரிந்த விரிசல்: ஒரு பழைய பதக்கத்தைச் சரிசெய்த பதிவு

என் நகைப் பட்டறைக்கு வந்தது 18 காரட் தங்கத்தில் செய்த பழைய பதக்கம். நடுவில் எண்கோணமாகப் பட்டை தீட்டிய மரகதம், சுற்றிலும் சின்னச் சின்ன முத்துகள், கீழே தொங்கலாக, பல வண்ணம் காட்டும் ஓபல் கல் ஒன்று. முத்து ஒன்று உதிர்ந்துவிட்டது. மரகதத்தைப் பிடித்திருக்கும் நகங்களில் இரண்டு தேய்ந்து கூர் மழுங்கியிருந்தன. ஓபலைத் தாங்கும் வளையம் உராய்ந்து உராய்ந்து ஒரு பக்கம் நூல் மாதிரி மெலிந்திருந்தது. வேலை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் கொண்டுவந்த அம்மாவின் கவலை இதில் எதுவுமே இல்லை.

"பச்சைக்கல்லுல விரிசல் விட்டிருக்கு பாருங்க. வீட்டுல ஏதோ கெட்டது நடக்கப்போகுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. கல்லையே மாத்திடலாமா?"

"இருங்கம்மா, முதல்ல பார்ப்போம். பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

கல்லைப் பற்றிய கதைகளை நான் ஒதுக்கித் தள்ளுவதில்லை. இந்தத் தொழிலில் இருக்க இருக்க எனக்குப் புரிந்தது, அவற்றில் பாதிக்குமேல் கல்லின் குணத்தைத்தான் வேறு விதமாகச் சொல்கின்றன என்பது. காதலில் துரோகம் நேர்ந்தால் மரகதம் உடைந்துவிடும் என்று இடைக்கால ஐரோப்பாவில் நம்பினார்கள். துரோகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. மரகதம் உடையும் என்பது மட்டும் உண்மை. கடினத்தில் மோஸ் அளவுகோலில் 7.5 முதல் 8 வரை நிற்கும் கல்தான். ஆனால் பிறக்கும்போதே உள்ளே வெடிப்புகளோடுதான் பெரும்பாலும் பிறக்கிறது. கீறல் விழாமல் தாங்குவது வேறு, அடி தாங்குவது வேறு. மரகதத்துக்கு முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. எண்கோணப் பட்டையில் நான்கு மூலைகளையும் வெட்டிவிட்டிருப்பதும் இதனால்தான். கூர் மூலையை விட்டுவைத்தால் நகத்தின் அழுத்தத்திலேயே சில்லு பெயரும்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (கைக்கண்ணாடியில்) பார்த்தபோது அந்த அம்மா சொன்ன கோடு தெரிந்தது. ஒரு மூலையிலிருந்து உள்நோக்கி ஓடும் வெளிறிய படலம், விளிம்பில் காய்ந்த கறை போல ஏதோ படிந்திருந்தது. அது நேற்று விழுந்த விரிசல் இல்லை. கல் பூமிக்குள் வளர்ந்த காலத்தில் உண்டான வெடிப்பு அது. பட்டை தீட்டிய பிறகு யாரோ அதில் எண்ணெய் ஏற்றியிருக்கிறார்கள். மரகதத்துக்கு எண்ணெய் ஏற்றுவது மிகப் பழைய வழக்கம், வணிகம் முழுக்க அறிந்த விஷயம். வெடிப்புக்குள் காற்று இருந்தால் ஒளி அங்கே திரும்பிப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். காற்றுக்குப் பதில் எண்ணெய் நிறைந்தால், எண்ணெயும் கல்லும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால் வெடிப்பு கண்ணுக்கு மறைந்துவிடும். ஆண்டுகள் போகப்போக எண்ணெய் காயும். சூடான நீர், சோப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒலியதிர்வால் நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் இயந்திரம், எண்ணெயை வெளியேற்றிவிடும். கேட்டதில் விஷயம் வெளியே வந்தது: கொஞ்ச நாள் முன்னால் வேறொரு இடத்தில் இலவசமாகச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் கோடு தெரிய ஆரம்பித்திருக்கிறது.

லூப்பை அவர் கையில் கொடுத்துக் கல்லை மெல்லச் சாய்த்துக் காட்டினேன். ஒரு கோணத்தில் கோடு மின்னும், இன்னொரு கோணத்தில் மறையும். "இது முன்னாடியே இருந்ததா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். கல்லை மாற்றும் பேச்சு அங்கேயே நின்றுபோனது. பயத்தைக் காட்டிப் புதுக் கல் விற்பது சுலபம். அந்த வேலையை இந்தத் தொழிலில் யாரும் செய்யக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வாங்கி வைக்கும்போதே செய்யவேண்டிய ஒன்று உண்டு. நகையை எடை போட்டு, நான்கு பக்கமும் படம் எடுத்து, மரகதத்தின் நீள அகலத்தை அளந்து, உள்ளே இருக்கும் படலங்களையும் புள்ளிகளையும் வேலைச் சீட்டில் வரைபடம் போல வரைந்துவிட வேண்டும். கொடுத்தவர் எதிரிலேயே வரைய வேண்டும். இரண்டு மரகதங்களின் உட்புறம் ஒன்றுபோல இருப்பதில்லை, அதனால் அந்த வரைபடமே கல்லின் கைரேகை. "என் கல்லை மாத்திட்டாங்களோ" என்ற சந்தேகம் நகைக்கடையைப் போல வேறெங்கும் வராது. அதற்கு வாய்ப்பேச்சால் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது, கல் உண்மையில் எது என்று பார்ப்பது. பழைய நகை என்பதாலேயே அசல் கல் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நிறமற்ற இரண்டு துண்டுகளுக்கு நடுவே பச்சை நிறப் பசை வைத்து ஒட்டிய கற்கள் நிறையப் புழங்கியிருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் அருமையான மரகதம். தண்ணீரில் போட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் மேலும் கீழும் கண்ணாடி மாதிரி வெறுமையாகவும் நடுவில் ஒற்றைப் பச்சைக் கோடாகவும் தெரிந்துவிடும். இந்தக் கல்லைக் கழற்றியபின் அப்படியும் பார்த்தேன், முழுக்கப் பச்சையாகவே இருந்தது. கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று அளக்கும் ஒளிவிலகல்மானியில் இரண்டு நிழல்கள் 1.57க்கும் 1.58க்கும் பக்கத்தில் விழுந்தன. கண்ணாடி என்றால் ஒரே நிழல்தான் விழும். ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த மரகதமும் ஏறக்குறைய இதே எண்ணைத்தான் காட்டும், ஆகவே நுண்ணோக்கி இல்லாமல் முடியாது.

நுண்ணோக்கியில் பார்த்த அந்தக் காட்சிக்காகவே இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். கல்லுக்குள் பல் பல்லான விளிம்போடு ஒரு சின்னக் குழி. குழி நிறையத் திரவம். திரவத்துக்குள் வட்டமாக ஒரு வாயுக் குமிழி. அதற்குப் பக்கத்தில் சதுரமாக ஓர் உப்புப் படிகம். கல் உருவான காலத்து உப்புநீர் அப்படியே சிறைப்பட்டுக் கிடக்கிறது. கொலம்பிய மரகதங்கள் இதற்குப் பேர்போனவை. ஆனால் வேறு சில நாட்டுக் கற்களிலும் இது வருவதால், இதை மட்டும் வைத்துக் கல்லின் ஊரைச் சொல்லக்கூடாது. இயற்கைக் கல் என்று சொல்ல எனக்கு இது போதும். நெருப்பை ஏன் மரகதத்தின் பக்கத்தில் கொண்டுபோகக்கூடாது என்பதற்கும் இந்தக் குழியே பதில். சூட்டில் திரவம் விரியும், கல் அந்த அளவுக்கு விரியாது. அப்புறம் நடப்பது பழுது பார்க்க முடியாத விரிசல்.

ஆக, கற்களைக் கழற்றாமல் எதையும் ஊத, அதாவது நெருப்பு ஊதிப் பற்றவைக்க, முடியாது. முதலில் முத்துகள். அவை பாதி துளையிட்டு, தங்கக் குச்சிகளில் செருகி ஒட்டப்பட்டிருந்தன. வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, பழைய பசை இளகியதும் ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து, இருந்த வரிசையிலேயே ஒட்டுமெழுகுப் பட்டையில் பதித்து வைத்தேன். வரிசை முக்கியம். முத்துகளைச் சேர்த்தவர் பெரியதிலிருந்து சிறியதாக இரண்டு பக்கமும் இறங்கும்படி அழகாகக் கட்டியிருந்தார். மரகதத்துக்கு, தேய்ந்த நகங்களை விட்டுவிட்டு நல்ல நகங்களை மட்டும் மெல்ல நிமிர்த்தினேன். ஓபலை அதன் தங்கக் கிண்ணத்திலிருந்து எடுக்கவில்லை. விளிம்பைப் பிரித்தால் மெல்லிய ஓரம் உடையும் ஆபத்து இருக்கிறது, தொங்கலாகவே தனியே கழற்றி வைத்துவிட்டேன்.

நகம் போடும் வேலை பொற்கொல்லர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். தேய்ந்த முனையை அரத்தால் தட்டையாக்கி, அதே 18 காரட்டில், நிறமும் ஒத்துப்போகிற கம்பித் துண்டை நிறுத்தி, வெங்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து ஊதினேன். ஊதியதும் நீர்த்த அமிலத்தில் போட்டுக் கருமையைப் போக்க வேண்டும். அமிலத்திலிருந்து எடுக்கச் செம்புச் சாமணம்தான். இரும்பை விட்டால் கரைசலில் உள்ள செம்பு நகைமேல் சிவப்பாகப் படிந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். முத்துக் குச்சிகளின் அடியிலும் சட்டத்தின் மூலைமுடுக்குகளிலும் அமிலம் தங்கும். முத்து என்பது கால்சியம் கார்பனேட். கிளியோபாட்ரா முத்தை வினிகரில் கரைத்துக் குடித்ததாக ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்த கதையில் வேதியியல் தப்பில்லை: புளித்த அமிலத்தில் முத்து கரையும், கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவே. குச்சியடியில் மிச்சமிருக்கும் ஒரு சொட்டு அமிலம் முத்தைத் துளைக்குள்ளிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். வெளியே தெரியாது, ஒரு நாள் முத்து தானாகக் கழன்று விழும். அதனால் சட்டத்தைச் சோடா உப்புக் கரைத்த நீரில் கொதிக்கவிட்டு, நல்ல நீரில் பல முறை அலசினேன். அந்தக் காணாமல்போன முத்துக்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம், குச்சியடி கறுத்திருந்தது.

கொதிக்கும் நேரத்தில் முன்கடைக்குப் போனால் அங்கே வேறு உலகம். தாத்தா காலத்து மாணிக்கம் என்று ஒரு மோதிரத்தோடு ஒரு தம்பி நின்றிருந்தார். லூப்பில் பார்த்தால் உள்ளே வளைந்த கோடுகள், நடுநடுவே குமிழிகள். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணம் திரும்பியும் போகும். வளைந்து போனால் அது சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்த கல். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுயில் இந்த முறையை 1902இல் வெளியிட்டார். தாத்தாவின் தாத்தா காலத்திலேயே செயற்கை மாணிக்கம் கடைக்கு வந்துவிட்டது. இதைச் சொல்லும்போது முகம் வாடுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இங்கிலாந்து அரச மகுடத்தில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று பேர்பெற்ற பெரிய சிவப்புக் கல்லே மாணிக்கம் இல்லை, ஸ்பினல். இரண்டும் வெவ்வேறு கனிமம் என்று 1783இல்தான் பிரித்தறிந்தார்கள். அந்தத் தம்பி மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டே போனார், அதுதான் சரி.

இன்னொருவர் பேரோஜாக் கல் பச்சையாகிவிட்டது, உடம்பு சரியில்லாமல் போகும் அறிகுறியா என்று கேட்டார். அணிந்தவருக்கு நோய் வந்தால் அந்தக் கல் நிறம் மாறும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. காரணம் எளிது. நுண்துளைகள் நிறைந்த கல் அது; வியர்வை, எண்ணெய், முகப்பூச்சு எல்லாவற்றையும் உறிஞ்சும், உறிஞ்சினால் நீலம் பச்சையாகும். காய்ச்சலில் வியர்த்துக் கிடப்பவர் விரலில் அது மாறியிருந்தால் கதை பிறக்காமல் என்ன செய்யும்?

எல்லாக் கதையும் இப்படிக் கல்லுக்கு நல்லது செய்வதில்லை. அசல் வைரம் சுத்தியலுக்கும் உடையாது என்ற பேச்சு பிளினி காலத்திலிருந்தே இருக்கிறது. அதை நம்பி எத்தனை நல்ல வைரங்களைத் தூளாக்கியிருப்பார்களோ! வைரத்தை வைரம்தான் கீறும், சரி. ஆனால் அதற்குப் பிளவுத் தளங்கள் உண்டு, அந்தத் திசையில் ஒரு அடி போதும். நெருப்பும் அப்படித்தான். 1772இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே பெரிய லென்சால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்தே காட்டினார். வைரம் பதித்தபடியே ஊதும்போது போரிக் அமிலப் பூச்சு கொடுப்பது அதனால்தான். நீலக்கல்லைப் பாலில் போட்டால் பால் நீலமாகும் என்ற சோதனை எதையும் நிரூபிக்காது, நீலக் கண்ணாடியைப் போட்டாலும் ஒன்றுதான். முத்தைப் பல்லில் உரசிப் பார்ப்பது மட்டும் பாதி உதவும். உண்மையான முத்துப் படலம் மணல்போல நறநறக்கும், பூச்சு மணி வழுக்கும். ஆனால் கடலில் தானாக விளைந்ததும் வளர்ப்பு முத்தும் ஒரே மாதிரிதான் நறநறக்கும்.

மறுபடி மரகதம். உள்ளே இருந்தது எண்ணெயா பிசினா என்று உறுதி செய்துகொள்ளாமல் மேலே போகக்கூடாது. பிசின் ஏற்றிய வெடிப்பைச் சாய்த்துப் பார்த்தால் நீலமோ ஆரஞ்சோ பளிச்சென்று ஒரு மின்னல் ஓடுவதுண்டு. இதில் அப்படி இல்லை, காய்ந்த மிச்சம் மட்டும். கல்லைக் கழுவி நன்றாக உலரவிட்டு, நிறமற்ற தேவதாரு எண்ணெயில் மிதமான வெதுவெதுப்பில் மூழ்கவைத்து அப்படியே விட்டுவிட்டேன். பச்சை நிறம் கலந்த எண்ணெய்கூடக் கிடைக்கிறது. அது கல்லை மேம்படுத்துவது இல்லை, நிறத்தைப் பொய்யாகக் கூட்டுவது. என் மேசைக்கு அது வராது. அவசரப்படுத்தினாலும் பயனில்லை. வெடிப்பின் வாய் மயிரிழையைவிட மெல்லியது, எண்ணெய் தன் போக்கில்தான் உள்ளே நகரும். ஒவ்வொரு தடவை எடுத்துத் துடைத்துப் பார்க்கும்போதும் அந்த வெள்ளைப் படலம் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் மூலையருகே மெல்லிய இழை ஒன்று மட்டும் நின்றது. அதற்குமேல் நான் முயலவில்லை. கல்லின் நீரோட்டம், அதாவது உள்தெளிவு, திரும்பிவிட்டது, போதும்.

கல் வெட்டுபவர்கள் களைத்த கண்ணுக்கு மரகதத்தைப் பார்த்து இளைப்பாறுவார்கள் என்றும் பிளினி எழுதியிருக்கிறார். லூப்பிலேயே பொழுது போகிறவன் என்ற முறையில் இதை நான் முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

பதிக்கும் முறை: புது நகங்களில் கல்லின் விளிம்பு உட்கார உளியால் ஒரு தவாளிப்பு எடுக்க வேண்டும். அது கல்லின் சாய்வுக்குச் சரியாக ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் முழுக்க ஒரே புள்ளியில் விழும். ஒரு நகத்தை முழுதாக மடக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. ஒன்றைக் கொஞ்சம், எதிர்மூலையில் இருப்பதைக் கொஞ்சம் என்று மாறி மாறி அழுத்தி, எல்லாம் ஒன்றாக வந்து கல்லைத் தொட வேண்டும். வெடிப்பு ஓடும் மூலையை நல்ல பழைய நகத்தின் பக்கம் விடாமல், நானே தவாளிப்பு எடுத்த புது நகத்தின் பக்கம் வரும்படி கல்லைத் திருப்பி வைத்தேன். அங்கே எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பது என் கைக்குத் தெரியும். முடித்ததும் பதக்கத்தைக் காதருகே பிடித்து விரலால் தட்டினேன். கல் ஆடினால் சன்னமாக ஒரு கிடுகிடு கேட்கும், கேட்கவில்லை. பட்டு நூலை நகங்களின் மேல் இழுத்தேன், எங்கும் மாட்டவில்லை.

காணாமல்போன முத்துக்கு ஈடு தேடியது எதிர்பார்த்ததைவிட இழுத்தடித்தது. அளவு கிடைத்தது, நிறம் ஒத்துவரவில்லை. பழைய முத்துகள் லேசாக வெண்ணெய் நிறம் ஏறியிருந்தன, புதுசு பல்லிளித்தது. மின்விளக்கில் ஒத்துப்போவது பகல் வெளிச்சத்தில் தனித்து நிற்கும் என்பதால் சன்னலோரம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கையிருப்பில் இருந்த உடைந்த பழைய நகை ஒன்றின் முத்து கடைசியில் பொருந்தியது.

ஓபல் வளையம் மிச்சம். ஓபலுக்குள் நீர் இருக்கிறது, பெரும்பாலும் எடையில் 6 முதல் 10 சதவீதம். சூடு பட்டால் நீர் வெளியேறி மேற்பரப்பு முழுக்கச் சிலந்திவலையாக வெடிக்கும். புது வளையத்தின் வாயை மூடுவதற்கு ஓபலுக்கு இவ்வளவு அருகில் ஊத முடியாது. லேசர் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொடுத்து, கல்லை மூடி மறைத்து, வளையத்தின் வாயை மட்டும் ஒட்டி வாங்கினேன். சூடு ஒரு புள்ளியோடு நின்றுவிடுவதால் கல்லுக்கு எதுவும் தெரியாது.

திருப்பிக் கொடுக்கும்போது அந்த அம்மா அடுத்த கேள்வியை வைத்திருந்தார்: ஓபல் துரதிர்ஷ்டமாமே? 1829இல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு நாவலில் ஓபல் நிறமிழக்கும் காட்சி வந்த பிறகு அங்கே அந்தப் பேச்சு பெரிதாகப் பரவியது. விக்டோரியா மகாராணி அதைப் பொருட்படுத்தாமல் தன் மகள்களுக்கே ஓபல் பரிசளித்தார். கல் பதிப்பவர்களுக்கு அது பயம் தந்த கல் என்பதும் உண்மை, ஏனென்றால் கைக்குள்ளேயே உடையக்கூடியது. அதன் வண்ண விளையாட்டோ சாயம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டு ஒளியைப் பிரிக்கின்றன. 1964இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த அடுக்கைக் கண்டார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "தாராளமா போடுங்கம்மா, ஆனா காய்ந்த துணியால தூசியோட தேய்க்காதீங்க" என்றேன். தூசியில் இருக்கும் மணல் கடினத்தில் 7, ஓபல் 5 முதல் 6.5, முத்து அதற்கும் கீழே. ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வாசனைத் தைலமெல்லாம் பூசி முடித்த பிறகு கடைசியாக அணிய வேண்டும், கழற்றும்போது முதலில் கழற்ற வேண்டும்.

சீட்டில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: மரகதம் இயற்கைக் கல். வெடிப்பில் நிறமற்ற எண்ணெய் ஏற்றப்பட்டது. அல்ட்ராசோனிக், நீராவி, அமிலம் கூடாது. எண்ணெய் காய்ந்து கோடு மறுபடி தெரிந்தால் கொண்டுவரவும்.

கடைசி வரியை அவர் சத்தமாகப் படித்துவிட்டு, அதன் அடியில் கோடு போடச் சொன்னார். வீட்டில் எல்லாரிடமும் காட்ட வேண்டுமாம்.